கணக்கேட்டிலிருந்து கிளர்ச்சிக்கு: ஈ. டி. மொரெலும் கொங்கோச் சீர்திருத்த இயக்கமும்

மனிதாபிமான இயக்கங்களின் வரலாறு பெரும்பாலும் சமயத் தொண்டர்களதும் பாராளுமன்றவாதிகளதும் எழுத்தாளர்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வணிக நிலையமொன்றின் கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்த எழுதுவினைஞர் ஒருவர் அவ்வரலாற்றின் நடுவிடத்தைப் பெறுதல் அரிது. அத்தகைய அரிய நிகழ்ச்சியொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இடம்பெற்றது. எல்டர் டெம்ப்ஸ்டர் என்னும் கப்பற் கம்பனியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றிய எட்மண்ட் டீன் மொரெல் (1873–1924) 1901ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்தார். மூன்று ஆண்டுகளுள் கொங்கோச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, ஐரோப்பிய மன்னர் ஒருவரின் தனியாட்சியை எதிர்த்து நின்றார்.

வணிகத் தொழிலை விட்டு இலாபநோக்கற்ற பொதுப்பணிக்குச் செல்வோரை நாம் பொதுவாக மனமாற்றம் பெற்றோராகவே காண்கிறோம். பழைய வாழ்வை முற்றாகக் களைந்து புதிய வாழ்வை ஏற்றவர் என்பது அக்கருத்து. மொரெலின் வாழ்வு இக்கருத்துக்கு முற்றிலும் இணங்குவதன்று. அவர் கம்பனியை விட்டாரேயன்றிக் கம்பனி அவருக்குக் கற்றுக்கொடுத்த பார்வையை விடவில்லை. அவருடைய வெற்றிக்கும் அவருடைய குறைகளுக்கும் அப்பார்வையே ஊற்றாக அமைந்தது என்பதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொங்கோச் 'சுதந்திர அரசு'

1884–85ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற பேர்லின் மகாநாட்டை அடுத்து, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் மத்திய ஆபிரிக்காவில் கொங்கோச் சுதந்திர அரசு என்னும் பெயரில் ஓர் ஆட்சியை நிறுவினார். பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேற்பட்ட பரப்பினையுடைய அந்நிலம் பெல்ஜிய நாட்டின் குடியேற்றமாக அன்றி, மன்னரின் தனியுடைமை போலவே ஆளப்பட்டது. அடிமை வியாபாரத்தை ஒழித்தல், சுதந்திர வர்த்தகத்தைப் பேணுதல் என்பன அவ்வரசின் நோக்கங்களென உலகுக்குக் கூறப்பட்டன.

நடைமுறை வேறாக இருந்தது. 1885இல் வெளியான கட்டளையொன்று 'வெறுமையான' நிலங்கள் யாவும் அரசுக்குரியவை என விதித்தது. கிராமத்தைச் சூழவுள்ள காடு கிராமத்தவர் வேட்டையாடியும் பொருள் சேகரித்தும் வாழ்ந்த காடாயினும், அங்கே வீடும் பயிரும் இல்லையாதலின் அது வெறுமையானது எனக் கொள்ளப்பட்டது. 1891இல் பிறப்பிக்கப்பட்ட மற்றொரு கட்டளை அக்காடுகளின் இறப்பரையும் யானைத்தந்தத்தையும் அரசின் உடைமையாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1888இல், டன்லொப் காற்றடைத்த சில்லுறையை ஆக்கியிருந்தார். துவிச்சக்கர வண்டியும் அதனையடுத்து மோட்டார் வண்டியும் பரவவே, இறப்பரின் தேவை பெருகிற்று. கொங்கோக் காடுகளிலே மரங்களைப் பற்றிப் படர்ந்த இறப்பர்க் கொடிகள் மன்னரின் செல்வமாயின.

1892ஆம் ஆண்டளவில் 'அபீர்' முதலிய கம்பனிகளுக்குப் பெரும் நிலப்பரப்புகளின் சேகரிப்புரிமை வழங்கப்பட்டது. ஒவ்வொரு கிராமமும் குறித்த நிறையளவு இறப்பரைக் கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும். கொடாதவிடத்து மகளிர் பணயமாகப் பிடிக்கப்பட்டனர். ஆடவர் நீர்யானைத் தோலாலான சவுக்கினால் அடிக்கப்பட்டனர். எதிர்த்த கிராமங்கள் எரிக்கப்பட்டன. படையினர் தாம் செலவிட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் சான்றாகக் கொல்லப்பட்டவரின் வலக்கையை வெட்டிக் கொண்டுவரல் வேண்டுமென்ற வழக்கமும் நிலவிற்று. இவ்வாட்சியின்போது கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டோரின் தொகை பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்தொருமை இல்லையெனினும், அது பல இலட்சங்களாலே கணிக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை.

துறைமுகத்திற் கண்டவை

மொரெல் பரிஸ் நகரிலே பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்திற் கல்வி கற்று, பரிஸ் வங்கியொன்றிற் சில காலம் பணிபுரிந்தபின், 1891இல் லிவர்பூலை அடைந்து எல்டர் டெம்ப்ஸ்டர் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். மேற்கு ஆபிரிக்க வர்த்தகத்தில் முதன்மை பெற்றிருந்த அக்கம்பனி, கொங்கோவுக்கும் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்துக்கும் இடையிலான சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தத்தையும் பெற்றிருந்தது. பிரெஞ்சு மொழி அறிந்தவராதலின் மொரெல் அன்ட்வேர்ப்புக்கு அடிக்கடி அனுப்பப்பட்டார். குறைந்த ஊதியத்தை ஈடுசெய்யும்பொருட்டு, மேற்கு ஆபிரிக்க வர்த்தகம் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அக்கட்டுரைகள் தொடக்கத்திலே வணிகரின் நலன்களையே பேசின. கொங்கோ மன்னருக்கு எதிரான குற்றச்சாட்டுகளையும் அவர் அக்காலத்தில் ஏற்கவில்லை.

1890களின் இறுதியில், துறைமுகத்தில் ஏற்றப்பட்டவற்றையும் இறக்கப்பட்டவற்றையும் கம்பனியின் பதிவுகளையும் கொங்கோ அரசு வெளியிட்ட புள்ளிவிபரங்களையும் அவர் ஒப்பிட நேர்ந்தது. அவ்வொப்பீட்டில் மூன்று உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, கொங்கோவுக்குச் சென்ற கப்பல்களிலே துவக்குகளும் தோட்டாக்களும் பெருந்தொகையாக ஒழுங்காக ஏற்றப்பட்டன. இரண்டாவது, கொங்கோவிலிருந்து வந்திறங்கிய இறப்பரினதும் தந்தத்தினதும் அளவு, வெளியிடப்பட்ட கணக்குகளிற் காணப்பட்டதினும் மிகுதியாக இருந்தது. ஆகவே பெருந்தொகைப் பணம் எவரோ ஒருவரின் கைக்கு மறைவாகச் சென்றுகொண்டிருந்தது. மூன்றாவது உண்மையே யாவற்றிலும் முக்கியமானது. கொங்கோவுக்குச் சென்ற பொருள்களுள் ஐந்தில் நான்கு பங்கு வர்த்தகத்தோடு தொடர்பற்றவை. இறப்பரைத் தந்த ஆபிரிக்க மக்களுக்கு மாற்றாகக் கொடுப்பதற்குரிய துணியோ உப்போ உலோகப் பொருளோ போதிய அளவில் அங்கே செல்லவில்லை.

வாங்குவோன் விலை கொடாதிருக்க, விற்போன் தொடர்ந்து பொருளைக் கொடுத்துக்கொண்டிருப்பதற்கு ஒரேயொரு காரணமே இருத்தல் முடியும் என மொரெல் முடிவு செய்தார். இது வர்த்தகமன்று, பலாத்காரத்தின் மூலம் பெறப்படும் உழைப்பு. கொங்கோ மண்ணில் ஒருநாளேனும் காலடி வைத்திராத ஒருவர், அங்கே அடிமைத்தனம் நிலவுகின்றது என்பதனைக் கப்பற் சரக்குப் பட்டியல்களைக் கொண்டே உய்த்துணர்ந்தார். இம்முடிவுக்கு வருவதற்கு அறவுணர்வு மாத்திரம் போதாது. ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும் என்பதனைத் தொழிலாற் கற்றிருந்த ஒருவரே அதனைக் கண்டிருத்தல் கூடும்.

பதவி துறத்தல்

கம்பனியின் தலைவரான சேர் அல்பிரட் ஜோன்ஸ் லிவர்பூலின் வணிக உலகிலே செல்வாக்கு மிக்கவர். அந்நகரிற் கொங்கோ அரசின் கொன்சலாகவும் அவரே விளங்கினார். தாம் கண்டவற்றை மொரெல் அவரிடம் எடுத்துரைத்தபோது, மன்னரைச் சந்தித்து வந்த ஜோன்ஸ், சீர்திருத்தங்கள் நிகழும் எனவும் பொறுத்திருத்தல் வேண்டும் எனவும் கூறினாரென மொரெல் பதிவு செய்துள்ளார். நிலைமை மாறவில்லை. 1900ஆம் ஆண்டில் மொரெல் பெயர் குறிப்பிடாது பத்திரிகையிற் கொங்கோ பற்றிய கட்டுரைகளை வெளியிடத் தொடங்கினார்.

அதன்பின் நிகழ்ந்தவை, பெரிய நிறுவனங்கள் தம்முள் எழும் மறுப்பை எவ்வாறு கையாளுகின்றன என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அச்சுறுத்தல் முதலில் வரவில்லை. வெளிநாட்டில் உயர்ந்த பதவியொன்று அளிக்க முன்வரப்பட்டது. அதனை மொரெல் மறுத்தார். பின்னர், நாளொன்றுக்கு ஒரு மணிநேர ஆலோசனைப் பணிக்காக ஆண்டுக்கு 200 பவுண் தருவதாகக் கூறப்பட்டது, அதனையும் மறுத்தார். மனைவியும் பிள்ளைகளும் அவரையே நம்பியிருந்தனர். 1901இல், இருபத்தெட்டாவது வயதில், அவர் கம்பனியை விட்டு வெளியேறிப் பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார். 1903இல் ஜோன் ஹோல்ட் முதலிய வணிகரின் ஆதரவுடன் 'வெஸ்ட் ஆபிரிக்கன் மெயில்' என்னும் தமது சொந்தப் பத்திரிகையைத் தொடக்கினார்.

கணக்கறிவு கிளர்ச்சியின் கருவியாதல்

கொங்கோக் கொடுமைகளை உலகுக்கு முதன்முதல் எடுத்துரைத்தவர் மொரெல் அல்லர். அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜோர்ஜ் வொஷிங்டன் வில்லியம்ஸ் 1890இலேயே கொங்கோவுக்கு நேரிற் சென்று லியோபோல்ட் மன்னருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மற்றோர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான வில்லியம் ஷெப்பர்ட் என்னும் சமயத் தொண்டர் 1899இல், நெருப்பின்மேற் புகையூட்டப்பட்ட 81 வலக்கைகளைத் தம் கண்களாற் கண்டு எழுதினார். இவர்களின் கூற்றுகள் சில காலம் பேசப்பட்டன. பின்னர் மறுப்புகளினால் மூடப்பட்டன. தனிமனிதனின் சாட்சியத்தைத் தனிமனிதனின் பொய் என்று கூறிவிடுதல் மன்னருக்கு எளிதாயிற்று. குற்றங்கள் சில நிகழ்ந்திருப்பினும் அவை தனிப்பட்ட அலுவலரின் தவறுகளே என்பது மன்னர் தரப்பின் வழக்கமான விடையாகும்.

மொரெலின் வாதத்துக்கு அவ்விடை பொருந்தவில்லை. அவர் எடுத்துக்காட்டியவை குற்றஞ்சாட்டப்பட்ட அரசே வெளியிட்ட எண்கள். அவ்வெண்கள் உண்மையாயின், கொடுமை அலுவலரின் தவறன்று, ஆட்சிமுறையின் இயல்பே. நிலமும் அதன் விளைபொருளும் அரசுக்குரியவை என விதித்தபின் ஆபிரிக்கனிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. விற்பனை இல்லாதவிடத்து அவனை உழைக்கச் செய்வதற்குச் சவுக்கன்றி வேறு வழியில்லை. இவ்வாறு நில உடைமைச் சட்டத்துக்கும் வெட்டப்பட்ட கைக்கும் இடையிலுள்ள காரணகாரியத் தொடர்பினை நிறுவியமையே மொரெலின் பெரும் பங்களிப்பு எனலாம்.

1903 மே மாதத்தில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை கொங்கோ நிலைமை பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அதனையடுத்து, போமாவிலிருந்த பிரித்தானியக் கொன்சல் ரொஜர் கேஸ்மன்ட் உள்நாட்டிற் பயணஞ்செய்து அறிக்கை தயாரித்தார். அது 1904இல் வெளியாயிற்று. கேஸ்மன்டும் தம் இளமையில் இதே எல்டர் டெம்ப்ஸ்டர் கம்பனியின் லிவர்பூல் அலுவலகத்திற் பணிபுரிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1903 டிசெம்பரில் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தனர். கேஸ்மன்ட் கொடுத்த 100 பவுண், சங்கத்தின் முதல் நிதிகளுள் ஒன்றாயிற்று. 1904 மார்ச்சில் லிவர்பூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டத்திலே கொங்கோச் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது.

சங்கத்தை மொரெல் ஒரு வணிக நிலையத்தின் ஒழுங்குடன் நடத்தினார். தகவல்களை வகைப்படுத்தல், ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஆவணத்துடன் ஒப்புநோக்கல், அரசின் மறுப்பு வெளியான உடனே விடை அனுப்புதல் என்பன அவருடைய நாளாந்த வேலைகளாயின. 1906ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மாத்திரம் 3,700 கடிதங்களை அவர் எழுதியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அலிஸ் ஹரிஸ் என்னும் சமயத் தொண்டர் எடுத்த ஒளிப்படங்கள் ஊர்தோறும் விளக்குப் படக்காட்சிகளாகக் காட்டப்பட்டன. மார்க் ட்வெயின் 1905இலும், ஆதர் கோனன் டொயில் 1909இலும் இவ்வியக்கத்துக்கு ஆதரவாக நூல்கள் எழுதினர்.

மற்றொரு வணிகர்: ஷானு

மொரெலின் துறவு போற்றத்தக்கதே. ஆயினும் அதே பாதையில் அடியெடுத்து வைத்த மற்றொரு வணிகரின் கதையை அதனுடன் சேர்த்து நோக்காவிடில் மதிப்பீடு முழுமையடையாது. ஹெசெக்கையா அன்ட்ரூ ஷானு இன்றைய நைஜீரியாவின் லாகோஸ் நகரை அடுத்த பகுதியிற் பிறந்த ஆபிரிக்கர். 1884இல் கொங்கோவை அடைந்து, அரசின் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, 1893இல் அப்பணியை விட்டுச் சொந்த வணிகத்தைத் தொடங்கினார். தலைநகரான போமாவிற் கடையும் தையற்சாலையும், விருந்தினர் விடுதிகளும் அவருக்கு உரியனவாயின. சிறந்த ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கினார். பெல்ஜிய அலுவலர் பலரின் மதிப்பினை அவர் பெற்றிருந்தார்.

கேஸ்மன்டின் தொடர்பினால் ஷானு மொரெலுக்குத் தகவல்களை இரகசியமாக அனுப்பத் தொடங்கினார். கம்பனி முகவர் ஒருவர் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கின் ஆவணங்கள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. அவ்வழக்கில் அரசு அலுவலரின் உடந்தையும் வெளிப்பட்டமையால், அவை இயக்கத்துக்குப் பேருதவியாயின. பின்னர், தாம் நம்பிய பொலிஸ் அதிகாரி ஒருவரை அணுகியதனால் ஷானுவின் தொடர்பு வெளியாயிற்று. அவருடைய கடைகளுக்கும் விடுதிகளுக்கும் செல்லலாகாதென அரசு ஊழியருக்குக் கட்டளை பிறந்தது. போமாவில் வாங்குவோர் பெரும்பாலும் அரசு ஊழியரே. வணிகம் அழிந்தது. 1905 யூலையில் ஷானு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மொரெலும் ஷானுவும் வணிகர் உலகத்தவர். இருவரும் தம் பிழைப்புக்கு ஆதாரமான அமைப்பினை எதிர்த்தனர். ஒருவருக்கு லிவர்பூலின் போட்டி வணிகரும் பத்திரிகைகளும் பாராளுமன்றமும் புகலிடமாக அமைந்தன. பதவியை இழந்தபின்னும் அவர் மற்றொரு வாழ்வை அமைத்துக்கொள்ளுதல் இயன்றது. மற்றவருக்குப் புறத்தே நிற்பதற்கு இடமில்லை. வணிகத்தை விட்டுப் பொதுப்பணிக்குச் செல்லுதல் தனிமனிதனின் துணிவை மாத்திரம் பொறுத்ததன்று. விட்டபின் நிற்பதற்கு நிலம் இருத்தலையும் பொறுத்தது என்பதனை இவ்விருவர் வரலாறும் உணர்த்துகின்றன.

இயக்கத்தின் பணமும் பார்வையும்

இலாபநோக்கற்ற இயக்கமாயினும் அதற்குப் பணம் வேண்டும். மொரெலின் முதன்மையான ஆதரவாளருள் ஜோன் ஹோல்ட் லிவர்பூல் வணிகர். வில்லியம் கட்பரி சொக்கலேற் உற்பத்திக் கம்பனியைச் சேர்ந்தவர். பிரெஞ்சுக் கொங்கோவிலே சலுகைக் கம்பனிகளின் தனியுரிமையால் ஹோல்டின் வர்த்தகம் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருந்தது. கட்பரி கம்பனியோ போர்த்துக்கேயருக்குரிய சாவோ டோமே தீவின் கொக்கோவை வாங்கி வந்தது. அத்தீவின் தோட்டங்களில் அங்கோலாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் அடிமைகள் போல் உழைத்தனர். 1909இலேயே அக்கம்பனி அக்கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது. ஒரு நாட்டின் அடிமைத்தனத்தை ஒழிப்பதற்கு மற்றொரு நாட்டின் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த இலாபமும் பயன்பட்டது என்ற முரண்பாட்டினை மறைத்தலாகாது.

லிவர்பூல் வணிகரின் பொறாமையே இக்கிளர்ச்சி என மன்னர் தரப்பினர் கூறியமை அவதூறே. ஆயினும் மொரெலின் பார்வை வணிகரின் பார்வையே என்பது மறுக்கவியலாதது. மேற்கு ஆபிரிக்காவிற் பயணஞ்செய்து நூல் எழுதிய மேரி கிங்ஸ்லியின் கருத்துகள் அவரை ஆழமாகப் பாதித்தன. ஆபிரிக்கனுக்கு நிலவுரிமை உண்டு, அவனுக்கெனச் சமூக ஒழுங்கு உண்டு, அவனுடன் நேர்மையான வர்த்தகம் நடைபெறல் வேண்டும் என்பன அக்கருத்துகள். அக்காலத்து நிலையில் இவை முற்போக்கானவையே. ஆனால் ஆபிரிக்கன் தன்னைத் தானே ஆளுதல் வேண்டும் என்ற கோரிக்கை அவற்றுள் இடம்பெறவில்லை. விற்போனாக மொரெல் அவனைக் கண்டார், குடிமகனாகக் காணவில்லை. மேற்கு ஆபிரிக்காவின் பிரித்தானிய ஆட்சியை நல்ல எடுத்துக்காட்டாகவும் அவர் கொண்டார்.

குச்சிகளின் கணக்கு

எதிர்ப்புப் பெருகியதனால் லியோபோல்ட் 1904இல் விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். தமக்குச் சாதகமாக அமையும் என அவர் எதிர்பார்த்த அவ்வாணைக்குழுவின் 1905ஆம் ஆண்டு அறிக்கை, குற்றச்சாட்டுகளைப் பெருமளவில் உறுதிப்படுத்தியது. ஆணைக்குழுவின் முன்னிலையில் ஆபிரிக்கர் பலர் நேரிற் சாட்சியமளித்தனர். அவர்களுள் ஒருவர் பொலிமா என்னுமிடத்துத் தலைவரான லொன்டுலு. அவர் 110 குச்சிகளைக் கொண்டுவந்து ஆணைக்குழுவின் மேசைமேல் வைத்தார். இறப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. தலைமக்கள், ஆடவர், மகளிர், சிறுவர் என அவற்றை நான்கு குவியல்களாகப் பிரித்து, குச்சி குச்சியாக எடுத்து இறந்தவரின் பெயரைக் கூறினார்.

இதுவும் ஒரு கணக்கேடே. மொரெலின் கணக்கில் நிறையும் விலையும் இருந்தன. இக்கணக்கிற் பெயர்கள் இருந்தன. மொரெலின் எண்கள் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் உடனே இடம்பெற்றன. ஆணைக்குழு பதிவு செய்த சாட்சியங்களோ அறிக்கையுடன் வெளியிடப்படவில்லை. அவை பெல்ஜியச் சுவடிக்கூடத்தில் 1980கள் வரை ஆராய்ச்சியாளருக்கு மூடப்பட்டிருந்தன. நெடுங்காலமாகக் கொங்கோ இயக்கத்தின் வரலாறு மொரெலினதும் கேஸ்மன்டினதும் வரலாறாகவே எழுதப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். எவருடைய கணக்கு நூலகத்தில் உள்ளதோ அவரே வரலாற்றின் நாயகராகிறார் என்பது வரலாற்று மாணவர் மறத்தற்கரியது.

விளைவுகள்

1908 நவெம்பரில் கொங்கோ பெல்ஜிய நாட்டின் குடியேற்றமாயிற்று. மன்னரின் கடன்களைப் பெல்ஜிய அரசு ஏற்றுக்கொண்டது. அத்துடன், கொங்கோவுக்காக அவர் செய்த தியாகங்களுக்கு நன்றியாக 50 மில்லியன் பிராங்கு அவருக்கு வழங்கப்படுவதெனவும் ஒழுங்கு செய்யப்பட்டது. அது கொங்கோ மக்களின் உழைப்பிலிருந்தே பெறப்பட வேண்டியதாயிற்று. கைமாற்றத்துக்கு முன்னர் கொங்கோ அரசின் ஆவணங்களை எரிக்குமாறு லியோபோல்ட் கட்டளையிட்டார். பிரசல்சில் எட்டு நாட்கள் அவை எரிந்தன. 1909 டிசெம்பரில் மன்னர் இறந்தார். பெல்ஜிய அரசு படிப்படியாகச் சீர்திருத்தங்களைக் கொண்டுவர, 1913இல் பிரித்தானியா அவ்விணைப்பை அங்கீகரித்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் சங்கம் தன் பணி முடிந்ததெனத் தன்னைக் கலைத்துக்கொண்டது.

பணி உண்மையில் முடிந்ததா என்பது ஆராயத்தக்கது. கையறுத்தல் முதலிய கொடுமைகள் பெரிதும் குறைந்தமை உண்மை. ஆயினும் பணமாகச் செலுத்தவேண்டிய தலைவரியும், பனையெண்ணெய்த் தோட்டங்களும் சுரங்கங்களும் கட்டாய உழைப்பை வேறு வடிவிலே தொடரச் செய்தன. 1911இல் பிரித்தானியரான வில்லியம் லீவரின் கம்பனி பெருநிலப் பரப்பினைக் கொங்கோவிற் பெற்றது. அங்கும் கட்டாய உழைப்புப் பயன்படுத்தப்பட்டது.

காட்டு இறப்பர்முறை மறைந்தமைக்கு இயக்கம் மாத்திரம் காரணமன்று. அதற்கான மற்றொரு காரணம் நம் நாட்டோடும் தொடர்புடையது. பிறேசிலிலிருந்து இலண்டன் வழியாகக் கொண்டுவரப்பட்ட இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் விரைவாகப் பெருகின. 1913ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையிலே தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை விஞ்சியது. கொங்கோவின் கொடியை அறுத்து இறப்பர் சேர்ப்பது இலாபமற்றதாயிற்று. அத்தோட்டங்களில் உழைத்தோருட் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். கொங்கோவின் பலாத்காரமும் தோட்டங்களின் கடனும் துண்டுமுறையும் ஒன்றல்ல. எனினும், ஓரிடத்திற் கிளர்ச்சியின் வெற்றியாகத் தோன்றியதன் பின்னே மற்றோரிடத்தின் மலிவான உழைப்பும் இருந்தது என்பதனை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

மொரெலின் பிற்கால வாழ்வு அவருடைய துணிவினையும் குறையினையும் ஒருங்கே காட்டுகின்றது. முதலாம் உலகப் போரை அவர் எதிர்த்தார்; அரசுகளின் இரகசிய இராசதந்திரத்தைக் கண்டித்தார்; 1917இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1922இல் டண்டீ தொகுதியிலே தொழிற்கட்சி வேட்பாளராக நின்று பாராளுமன்றம் புகுந்தார். அத்தேர்தலில் வின்ஸ்டன் சேர்ச்சில் தோல்வியுற்றார். ஆனால் 1920இல், ஜேர்மனியின் றைன் பகுதியில் பிரெஞ்சு அரசு நிறுத்திய ஆபிரிக்கப் படையினரைப் பற்றி மொரெல் எழுதியவை இனவெறுப்பு மிக்கவை. ஜமெய்க்காவிற் பிறந்த கறுப்பினக் கவிஞர் குளோட் மக்கே அதனை உடனே கண்டித்து எழுதினார். தன் காட்டிலே இறப்பர் சேர்த்த ஆபிரிக்கனுக்காகப் பதவியைத் துறந்த மனிதர், ஐரோப்பிய மண்ணிற் சீருடையணிந்து நின்ற ஆபிரிக்கனை அச்சப்பொருளாகச் சித்திரித்தமை ஒரு தற்செயலான தவறன்று. ஆபிரிக்கனுக்கு உரிய இடம் அவனுடைய நிலமே என்ற அவருடைய பழைய கருத்தின் மறுபக்கமே அது.

இதனைக் கொண்டு மொரெலின் கொங்கோப் பணியைச் சிறுமைப்படுத்துதல் நேர்மையாகாது. அவர் வாய்மூடி இருந்திருப்பின், 200 பவுணை ஏற்றிருப்பின், லியோபோல்டின் ஆட்சி இன்னும் பல ஆண்டுகள் நீடித்திருத்தல் கூடும். அவருடைய வாழ்விலிருந்து நாம் பெறவேண்டியது வேறொன்று. வணிகத்துறையில் ஒருவர் பெற்ற அறிவு பொதுப்பணிக்குப் பெருங்கருவியாகலாம். சரக்குப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தவரே சரக்குப் பட்டியலின் பொய்யைக் கண்டுபிடிக்க இயலும். ஆனால் அதே அறிவு, பட்டியலில் இடம்பெறாதவற்றைக் காணவொட்டாது தடுத்தலும் கூடும். பட்டப்படிப்பு முடிந்தபின் கம்பனிகளிலும் திணைக்களங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் பணியாற்றப்போகும் நம் மாணவர், மொரெலைப் போலக் கணக்கை வாசிக்கக் கற்றல் வேண்டும். லொன்டுலு மேசைமேல் வைத்த கணக்கை வாசிப்பதற்கும் அவர்கள் கற்றல் வேண்டும். அதனைக் கற்பிப்பதற்கு எந்தக் கம்பனியும் முன்வராது; வரலாற்றுக் கல்வியே அதனைச் செய்தல் வேண்டும்.